குட்டைக்கால் நாய்க்கு மூன்று பரீட்சை!

உடம்பு நீளம். கால் குட்டை. காது தொங்கல். நடந்து வரும்போது வயிறு தரையில் உரசிவிடுமோ என்று தோன்றும்.

இந்த நாயைப் பார்த்ததும் குழந்தைகள் சிரிப்பார்கள். பெரியவர்களும் சிரிப்பார்கள்.

ஆனால், இது சிரிப்பு மூட்டப் பிறந்த நாய் அல்ல. வேட்டையாடப் பிறந்த நாய்!

இதன் பெயர் டாக்ஸ்ஹண்ட். நம் ஊர்களிலும் பலர் இதை வளர்க்கிறார்கள். போட்டதைச் சாப்பிடும். கட்டிலுக்கு அடியில் தூங்கும். வாசலில் யாராவது வந்தால் குரைக்கும். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதிர்பார்ப்பது இல்லை.

அமெரிக்காவில் இந்த நாயை வளர்ப்பவர்களில் சிலர் அப்படி விட்டுவிடுவது இல்லை. ஒரே நாயை மூன்று பரீட்சைக்கு அனுப்புகிறார்கள்.

முதல் பரீட்சை, அழகுப் போட்டி. இரண்டாவது, சொன்னபடி கேட்கும் போட்டி. மூன்றாவது, முயல் போன வழியை மோப்பம் பிடிக்கும் போட்டி.

முதல் போட்டியில் சிலைபோல நிற்க வேண்டும். இரண்டாவது போட்டியில் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். மூன்றாவது போட்டியிலோ, யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும்!

மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரே நாய் மூன்றிலும் தேற முடியுமா?

முடியும். ஆனால், அதற்கு முன்னால் நாயை வளர்ப்பவர் பாடம் கற்க வேண்டும்!

பெயரிலேயே தொழில்

இந்த நாயின் சொந்த நாடு ஜெர்மனி. ஜெர்மன் மொழியில் "டாக்ஸ்" என்றால் பாட்ஜர். "ஹண்ட்" என்றால் நாய். பாட்ஜரைப் பிடிக்கும் நாய் என்று பொருள்.

பாட்ஜர் என்பது ஐரோப்பாவில் வாழும் ஒரு விலங்கு. முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை இருக்கும். நகங்கள் கூர்மையானவை. மண்ணுக்கு அடியில் நீண்ட வளை தோண்டி, அதற்குள் வசிக்கும்.

அந்த வளைக்குள் மனிதன் போக முடியாது. பெரிய நாயும் போக முடியாது. அதற்காகவே, குட்டைக்கால் உள்ள நாய்களாகப் பார்த்துப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள்.

கால் குட்டையாக இருந்தால் வளைக்குள் நுழையலாம். மார்பு அகலமாக இருந்தால் மூச்சுத் திணறாது. குரல் பெரிதாக இருந்தால், மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்குக் கேட்கும். நாய் எங்கே குரைக்கிறதோ, அந்த இடத்தில் மண்வெட்டியால் தோண்டுவார்கள்.

வளைக்குள் ஒரே இருட்டு. எதிரே பல்லும் நகமுமாகப் பாட்ஜர். முன்னே போவதா? பின்னே வருவதா? கடிப்பதா? குரைத்துக் கொண்டே நிற்பதா?

எஜமானரைக் கேட்க முடியாது. நாயே முடிவு செய்ய வேண்டும்!

"இந்த நாய்க்குப் பிடிவாதம் அதிகம். சொன்ன பேச்சைக் கேட்காது" என்று வளர்ப்பவர்கள் குறை சொல்வது உண்டு. ஈ.பி.ஒயிட் என்ற பெயர் பெற்ற அமெரிக்க எழுத்தாளர், பிரெட் என்ற டாக்ஸ்ஹண்டை வளர்த்தார். அது தன் பேச்சைக் கேட்காத கதையை வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

ஆனால், அந்தப் பிடிவாதம் குற்றம் அல்ல. அதுதான் அதன் தொழில்! யாரைக் கேட்டும் நடக்காத நாயைத்தான் மனிதன் தேடித் தேடி வளர்த்தான்.

மன்னர் வைத்த கல்லறை

டாக்ஸ்ஹண்டில் பெரியது உண்டு, சிறியது உண்டு. அமெரிக்கக் கணக்குப்படி, பெரிய வகை 7 கிலோ முதல் 15 கிலோ வரை இருக்கும். சிறிய வகை 5 கிலோவைத் தாண்டாது. ஜெர்மனியில் எடையைப் பார்க்காமல், மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து வகை பிரிக்கிறார்கள். முயல் வளைக்குள் நுழையும் மிகச் சிறிய வகையும் அங்கே உண்டு.

மயிரிலும் மூன்று வகை. வழவழப்பான குட்டை மயிர். நீண்ட பட்டு மயிர். கம்பிபோன்ற சொரசொரப்பான மயிர்.

ஜெர்மனியை ஆண்ட இரண்டாம் வில்லியம் மன்னருக்கு இந்த நாய் என்றால் உயிர். அவர் வளர்த்த எர்ட்மான் என்ற நாய் 1901ல் இறந்தது. காசெல் நகரில் உள்ள அரண்மனைப் பூங்காவில் அதைப் புதைத்து, பெயர் பொறித்த கல் வைத்தார். இங்கிலாந்து ராணி விக்டோரியாவும் டாக்ஸ்ஹண்ட் வளர்த்தவர்தான்.

பிறகு, முதல் உலகப் போர் வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜெர்மனி மீது கோபம் பொங்கியது. அந்தக் கோபம் இந்த வாயில்லா ஜீவன் மீதும் பாய்ந்தது. "எதிரி நாட்டு நாய்" என்று ஏசினார்கள். அமெரிக்காவில் சிலர் பெயரையே மாற்றி, "சுதந்திரக் குட்டி" என்று அழைத்தார்கள்!

போர் முடிந்தது. கோபம் ஆறியது. நாய் மீண்டும் வீட்டுக்குள் வந்தது. 1972ல் மூனிக் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, வால்டி என்ற டாக்ஸ்ஹண்ட் பொம்மைதான் பந்தயத்தின் சின்னம்.

முதல் பரீட்சை: அழகு

அமெரிக்காவில் ஆறு மாதம் நிரம்பிய நாய் போட்டிக்கு வரலாம்.

அழகுப் போட்டி என்றால், பவுடரும் ரிப்பனும் அல்ல. இந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தலை எப்படி, தோள் எப்படி, நெஞ்சு எப்படி, நடை எப்படி என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நடுவர் அந்த விதியோடு நாயை ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

நாய் குட்டையாக இருப்பதால், அதை மேஜை மீது நிறுத்துகிறார்கள். முன்பின் தெரியாத நடுவர் வந்து வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். தோளை அமுக்கிப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். நாய் உறுமக்கூடாது. நடுங்கக்கூடாது. உட்காரவும் கூடாது.

இதைக் குட்டிப் பருவத்திலேயே பழக்குகிறார்கள். தினமும் இரண்டு நிமிடம் மேஜை மீது நிறுத்துவார்கள். காலைத் தொடுவார்கள். பல்லைப் பார்ப்பார்கள். வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கொடுப்பார்கள். பிறகு அக்கம் பக்கத்தாரை அழைத்துத் தொடச் சொல்வார்கள். "அயலார் கை பட்டால் ஈரல் கிடைக்கும்" என்று குட்டி தெரிந்து கொள்கிறது!

அமெரிக்காவில் 15 புள்ளி சேர்ந்தால் சாம்பியன் பட்டம். ஆனால், ஒரே நடுவர் கையால் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது.

இங்கிலாந்தில் உலகப் புகழ் பெற்ற "கிரப்ட்ஸ்" நாய்க் கண்காட்சி நடக்கிறது. 2020 மார்ச்சில் அங்கே முதல் பரிசு வாங்கியது யார் தெரியுமா? மெய்சி என்ற கம்பி மயிர் டாக்ஸ்ஹண்ட்!

பரிசு வாங்கிய களிப்பில் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது மெய்சி. கூட்டம் கை தட்டியது. பாதி வழியில் அது நின்றது. பச்சைக் கம்பளத்தின் மீதே காலைக் கடனை முடித்தது! டெலிவிஷனில் பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதல் பரிசு வாங்கினாலும் டாக்ஸ்ஹண்ட், டாக்ஸ்ஹண்ட்தான்!

இரண்டாம் பரீட்சை: அடக்கம்

நாய்களுக்குக் கீழ்ப்படிதல் போட்டி நடத்தும் யோசனையை அமெரிக்காவில் பரப்பியவர் ஒரு பெண்மணி. ஹெலீன் வைட்ஹவுஸ் வாக்கர் என்பது அவர் பெயர்.

அவர் வளர்த்தவை பூடில் நாய்கள். "வெறும் அலங்கார நாய்" என்று சிலர் அவற்றைக் கேலி செய்தார்கள். "என் நாய்க்கு மூளையும் உண்டு, பாருங்கள்" என்று காட்ட விரும்பினார். 1933ல் நியூயார்க் அருகே ஒரு போட்டி நடத்தினார். வந்தவை எட்டே நாய்கள். மூன்றே ஆண்டில், 1936ல், அமெரிக்க நாய்ச் சங்கமான ஏ.கே.சி. இந்தப் போட்டியை அங்கீகரித்தது. இன்று எல்லா இன நாய்களும் இதில் கலந்துகொள்கின்றன.

மொத்தம் 200 மார்க்கு. 170 வாங்கினால் தேறியதாகக் கணக்கு. ஒவ்வொரு பாடத்திலும் பாதி மார்க்குக்கு மேல் வாங்க வேண்டும். இப்படி மூன்று முறை தேறினால்தான் முதல் பட்டம்.

பாடம் என்ன? எஜமானரின் இடது காலை ஒட்டி நடக்க வேண்டும். அவர் நின்றால், உடனே உட்கார வேண்டும். அவர் வேகமாக நடந்தால், தானும் வேகமாக நடக்க வேண்டும். வாரை அவிழ்த்து விட்ட பிறகும் அப்படியே நடக்க வேண்டும். தூரத்தில் நின்று கூப்பிட்டால், நேரே ஓடி வந்து எதிரே உட்கார வேண்டும்.

மற்ற நாய்களுக்கு இது சுலபம். டாக்ஸ்ஹண்டுக்கு?

"உட்கார்" என்று சொன்னால், "எதற்கு?" என்று கேட்பதுபோலப் பார்க்கும்!

அதை அடித்துப் பழக்க முடியாது. அடித்தால் பயந்து ஒடுங்கிவிடும். அல்லது முரண்டு பிடிக்கும். அனுபவம் உள்ளவர்கள் கையாளும் வழியே வேறு.

பாடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வைத்துக் கொள்ளலாம். நாய்க்குச் சலிப்பு வருமுன் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு சொல்லை ஒரு முறைதான் சொல்ல வேண்டும். பத்து முறை சொன்னால், பத்தாவது முறை கேட்டால் போதும் என்று நாய் பழகிவிடும்.

சொன்னதைச் செய்ததும் தின்பண்டம் கொடுக்க வேண்டும். தாமதிக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. கூப்பிட்டு, வந்த நாயைத் திட்டக்கூடாது! செருப்பைக் கடித்துக் குதறியிருக்கலாம். தொட்டியில் இருந்த செடியைப் பிடுங்கியிருக்கலாம். கூப்பிட்டு வரவழைத்து அடித்தால், மறுமுறை அது வராது.

ஈரப் புல் இன்னொரு தொல்லை. இந்த நாயின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ஈரப் புல்லில் படுக்கச் சொன்னால், வயிறு சில்லிடும். அதனால் எழுந்து நிற்கும். மார்க்கு போய்விடும்! சிலர் காலையில் பனிப் புல் மீது வைத்தே நாய்க்குச் சாப்பாடு போடுகிறார்கள். ஈரம் என்றால் சாப்பாடு என்று பழகிவிட்டால், பிறகு தொல்லை இல்லை.

மூன்றாம் பரீட்சை: ஆற்றல்

இதுதான் டாக்ஸ்ஹண்டின் சொந்தப் பரீட்சை.

அமெரிக்காவில் இந்த நாய்களுக்கென்று 1935ல் நியூஜெர்சி மாநிலத்தில் களப் போட்டி நடந்தது. அதிலிருந்து இந்தப் போட்டிகள் வளர்ந்தன.

புல்லும் புதரும் நிறைந்த வெளியில் ஆட்கள் வரிசையாக நடந்து போவார்கள். கம்பால் புதரைத் தட்டுவார்கள். முயல் ஒன்று துள்ளி ஓடும். கண்டவர் உரக்கக் குரல் கொடுப்பார். எல்லாரும் அப்படியே நிற்பார்கள்.

முயல் கண்ணுக்கு மறைந்த பிறகு, இரண்டு நாய்களைக் கொண்டு வருவார்கள். முயல் இருந்த இடத்தைக் காட்டுவார்கள். வாரை அவிழ்ப்பார்கள். அதற்கு மேல் எஜமானருக்கு வேலை இல்லை.

நாய் மூக்கைத் தரையில் வைக்கிறது. முயல் போன வழியே போகிறது. முயல் நேரே போகாது. திடீரென்று திரும்பும். வட்டம் போடும். வாசனை அறுந்துவிடும். அப்போது நாய் என்ன செய்கிறது என்றுதான் நடுவர்கள் பார்ப்பார்கள்.

கெட்டிக்கார நாய், வாசனை அறுந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றித் தேடும். மீண்டும் பிடித்துக்கொள்ளும். முட்புதர் குறுக்கிட்டாலும் விடாது. மோப்பம் தெரியாத நாய் கண்டபடி ஓடும்.

இதில் வேகத்துக்கு மார்க்கு இல்லை. முயலைப் பிடிப்பதற்கும் மார்க்கு இல்லை. துப்பாக்கியும் கிடையாது. முயல் தப்பிப் போய்விடும். விடாமுயற்சிக்குத்தான் பரிசு!

இதற்குப் பழக்குவது எப்படி? விடியற்காலையில் குட்டியை வெளிக்கு அழைத்துப் போகிறார்கள். மண்ணில் ஈரம் இருந்தால் வாசனை தங்கும். வெயில் ஏறி, காற்று வறண்டால் வாசனை போய்விடும். முயல் ஓடிய இடத்தில் குட்டியை விடுகிறார்கள். சில சமயம், பழகிய நாயோடு சேர்த்து விடுகிறார்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

இங்கே, எஜமானர் பேசாமல் இருப்பதுதான் பாடம்!

ஆனால், ஆபத்தும் இங்கேதான். மூக்கு வேலை செய்யும்போது காது வேலை செய்யாது. முயல் வழியே போன நாய் சாலைக்குப் போய்விடலாம். வளைக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். அப்போது, "வா" என்ற ஒரு சொல்லுக்கு அது திரும்பினால் உயிர் பிழைக்கும். இரண்டாம் பரீட்சைக்குப் படித்த பாடம், மூன்றாம் பரீட்சையில் உயிர் காக்கிறது!

பட்டை மாறினால் பாடம் மாறும்

ஒரே நாய்க்கு மூன்று பாடமும் குழம்பாதா?

அழகுப் போட்டியில் எஜமானர் நின்றால், நாய் நிற்க வேண்டும். கீழ்ப்படிதல் போட்டியில் அவர் நின்றால், நாய் உட்கார வேண்டும். நாய்க்கு எப்படித் தெரியும்?

அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அழகுப் போட்டிக்கு மெல்லிய கயிற்றுப் பட்டை. கீழ்ப்படிதலுக்குத் தோல் பட்டை. களப் போட்டிக்கு வேறு பட்டை. அதையும் வாரிலிருந்து அவிழ்த்து விடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு.

பள்ளிச் சீருடை போட்டதும் பையன் அடக்கமாக நடக்கிறான் அல்லவா? விளையாட்டு உடை போட்டதும் துள்ளுகிறான் அல்லவா? அதுபோலத்தான். கழுத்தில் பட்டை விழுந்ததும், இன்று என்ன வேலை என்று நாய் தெரிந்துகொள்கிறது.

அழகிலும் களத்திலும் சாம்பியன் ஆன நாய்க்கு, "இரட்டைச் சாம்பியன்" என்று பெயர். 1895ல் தொடங்கிய அமெரிக்க டாக்ஸ்ஹண்ட் சங்கம், பல துறைகளில் தேறும் நாய்க்குத் தனிச் சான்றிதழும் கொடுக்கிறது.

ஜெர்மனியிலோ, பரீட்சை இன்னும் கடினம். துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ரத்தத் துளிகளால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குத் தடம் போடுகிறார்கள். ஓர் இரவு கழிந்த பிறகு நாயை விடுகிறார்கள். அது தடத்தின் முடிவு வரை போக வேண்டும்! காயம்பட்டுக் காட்டுக்குள் ஓடிய மானை விரைவில் கண்டுபிடித்து, அதன் வேதனையை முடிக்க இந்தப் பழக்கம் உதவுகிறது.

முதுகுதான் முக்கியம்

எதற்கு இவ்வளவு பாடு? அழகுப் போட்டி ஒன்று போதாதா?

போதாது. அதில்தான் இந்த இனத்தின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

டாக்ஸ்ஹண்டுக்கு முதுகு நோய் அதிகம். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோன்ற தட்டுகள் இருக்கின்றன. இந்த நாய்களுக்கு அவை சின்ன வயதிலேயே கெட்டியாகிவிடும். ஒரு நாள் பிதுங்கி நரம்பை அமுக்கும். பின்னங்கால் விழுந்துவிடும். ஐந்து டாக்ஸ்ஹண்டில் ஒன்றுக்காவது வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது என்று மிருக வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

குட்டைக் காலோடு சேர்ந்து வரும் ஒரு ஜீன்தான் இதற்கு மூலம் என்று 2017ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வேட்டைக்காக மனிதன் விரும்பிய காலோடு நோயும் சேர்ந்து வந்துவிட்டது.

அழகை மட்டும் பார்த்து வளர்த்தால் என்ன ஆகும்? "இன்னும் நீளம், இன்னும் குட்டை" என்று ஆசை வளரும். வயிறு தரையைத் தொடும். அப்படிப்பட்ட நாய் புதரில் ஓட முடியுமா? வேர் தடுக்கும். கல் கீறும். தோள் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது நெஞ்சுக்குக் கீழே இடைவெளி வேண்டும் என்று உலக நாய்ச் சங்கங்களின் விதி சொல்கிறது. ஓட வேண்டிய நாய்க்குத்தான் அந்த விதியின் அருமை தெரியும்!

இங்கிலாந்தில் 2015ல், இந்த நாய்களை வளர்ப்பவர்களிடம் விவரம் திரட்டினார்கள். நன்றாக ஓடியாடும் நாய்களுக்கு முதுகு நோய் குறைவாக இருந்தது. ஓடுவதால்தான் நோய் வரவில்லை என்று இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. நோய் உள்ள நாய் ஓடாமல் இருந்திருக்கலாம். ஆனால், மடியிலேயே வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தால் நல்லது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

2024ல் ஜெர்மனியில் ஒரு சட்ட நகல் வந்தது. வேதனை தரும் உடற்குறையோடு பிராணிகளை உற்பத்தி செய்வதைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம். "டாக்ஸ்ஹண்டே இல்லாமல் போய்விடுமோ?" என்று வளர்ப்பவர்கள் பதறினார்கள். "எந்த இனத்தையும் தடை செய்யும் எண்ணம் இல்லை" என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு

போட்டி இல்லாத ஊரிலும் இந்தப் பாடங்கள் உதவும்.

நாயைத் தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில் இருக்கட்டும். மறு கை பின்புறத்துக்கு அடியில் இருக்கட்டும். முன்னங்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதுகு தொங்கும்.

கெஞ்சுகிறது என்று கண்டதைக் கொடுத்துக் கொழுக்க வைக்காதீர்கள். கூடும் எடை முதுகின் மேல்தான் ஏறும்.

தூக்கும்போது அலறினாலும், பின்னங்கால் தள்ளாடினாலும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

தினமும் நடக்க விடுங்கள். மூக்குக்கு வேலை கொடுங்கள். முயல் வேண்டும் என்பது இல்லை. ஒரு ரொட்டித் துண்டைத் தோட்டத்தில் ஒளித்து வைத்து, தேடச் சொல்லுங்கள். தோட்டம் இல்லையென்றால், வீட்டுக்குள்ளேயே ஒளித்து வையுங்கள். குழந்தைகளுக்கும் அது நல்ல விளையாட்டு.

நாய் மூக்கைத் தரையில் வைத்து, வாலை ஆட்டிக்கொண்டு, ஒரு மூலை விடாமல் தேடும். கண்டுபிடிக்கும் வரை கூப்பிட்டாலும் திரும்பாது.

அப்போது கோபித்துக் கொள்ளாதீர்கள். அது தன் தொழிலைச் செய்கிறது!